நடையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. பிடிக்காமல் நிற்க இன்னும் வரவில்லை. பேச்சும் நாலைந்து சத்தங்களோடு நிற்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ‘ஜூபர்ட் சிண்ட்ரோம்’ என்றார்கள். பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, “எங்கள் பக்கம் யாருக்கும் இப்படிக் கிடையாது” என்கிறார் மாமியார். என் மகள் நடப்பாளா, பேசுவாளா? அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மாமியார் பேச்சை முடித்துவிடுவோம். உங்கள் பக்கத்திலும் யாருக்கும் இருந்திருக்காது. பெரும்பாலும் இது அப்படித்தான் வரும். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாது. இரண்டு பழுதான பிரதிகளும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேரும்போதுதான் நோய் வரும். ஆக, இதில் உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் சரிபாதி பங்கு. குற்றம் யாருக்கும் இல்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டது, செய்தது எதுவும் காரணம் இல்லை. இந்தப் பத்தியை வீட்டில் எல்லோர் முன்னாலும் உங்கள் கணவரே படித்துக் காட்டட்டும்.

1969-ல் கனடாவில் டாக்டர் மேரி ஜூபர்ட் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் நால்வரைப் பார்த்து எழுதிய பிறகு வந்த பெயர் இது. உடலசைவைச் சீர்ப்படுத்தும் சிறுமூளையின் நடுப்பகுதி கருவிலேயே சரியாக வளராமல் போகிறது. ஸ்கேனில் அந்த இடம் கடைவாய்ப்பல் வடிவத்தில் தெரியும். அதை வைத்துத்தான் உங்கள் டாக்டரும் உறுதி செய்திருப்பார். பொருளை எடுக்கப் போகும் கை தடுமாறுவதும் தசை தொளதொளவென்று இருப்பதும் இதனால்தான்.

நடப்பாளா? மூன்று வயதில் நடக்கவில்லை என்பதற்காக நம்பிக்கையை விடவே விடாதீர்கள். நாலு, ஐந்து வயதில், அதற்கும் பிறகு நடந்த பிள்ளைகள் நிறைய உண்டு. சிலருக்கு வாக்கர் தேவைப்படும். சிலருக்குத் தனி நடை வராமலும் போகலாம். ஆனால் மூளை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிற நோய் இல்லை இது. பிசியோதெரபியில் கற்றது அவளோடு நிலைத்து நிற்கும். நிறுத்தாதீர்கள்.

பேச்சைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிவு வளர்ச்சியில் தாமதம் இருக்கும். எவ்வளவு என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் பலருக்கு, வாயில் வருவதைவிட உள்ளே புரிவது அதிகம். நாக்கையும் உதட்டையும் வேண்டியபடி அசைப்பதுதான் சிரமம். கண்ணும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் பொம்மையைப் பார்க்கக் கண் உடனே திரும்பாது. தலையை வெடுக்கென்று திருப்பி, அப்புறம்தான் பார்வை வந்து சேரும். அதற்குள் நாம், ‘இவளுக்குப் புரியவில்லை’ என்று பொம்மையை எடுத்து வைத்துவிடுகிறோம். இரண்டு பொருளை முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்டால், மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவள் தலை திரும்பிய பக்கம்தான் பதில். ஸ்பீச் தெரபியோடு சைகையும் படம் காட்டிப் பேசுவதும் இப்போதே தொடங்கட்டும். அதனால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை. பழுதாகும் மரபணு, செல்லின் மேல் மயிரிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சிலியா என்ற உறுப்பைச் சேர்ந்தது. அது உடம்பு முழுக்க இருப்பதால், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம், கல்லீரல், விழித்திரை ஆகியவையும் மெதுவாகக் கெடலாம். சிறுநீரகம் சத்தமே இல்லாமல் கெடும். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் கேட்பது, அளவுக்கு மீறிச் சிறுநீர் போவது, முகம் வெளுப்பது ஆகியவற்றைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், விழித்திரைப் பரிசோதனை அத்தனையும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பல் பிடுங்குவதானாலும் சரி, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இந்த நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு மூச்சு எளிதில் தடைப்படலாம்.

அடுத்த குழந்தை பெற்றுக்கொள்வது உங்கள் இருவர் விருப்பம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதே நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆனால் கர்ப்பமான பிறகு ஓடாதீர்கள். இதுவரை 30-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. உங்கள் மகளுக்கு எது என்று முதலில் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். அது கையில் இருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கிலேயே கருவைப் பரிசோதித்துச் சொல்ல முடியும். மரபியல் ஆலோசகரிடம் இந்த மாதமே நேரம் வாங்குங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.