கையால் தள்ளும் புல்வெட்டி: கேள்விகளும் பதில்களும்

பெட்ரோலோ கரண்டோ வேண்டாம், தள்ளினால் ஓடும்; அதுதான் ரீல் மோவர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். புகார்களில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன: கத்தி சரியாக உட்காரவில்லை, அல்லது புல்லை ரொம்ப வளரவிட்டுவிட்டார்கள். அந்த இரண்டுக்கும் பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், இது எப்படி வெட்டுகிறது? மோட்டார் மெஷினும் கடைசியில் இதே வேலையைத்தானே செய்கிறது?

வேலை ஒன்றுதான், விதம் வேறு. ரோட்டரி மெஷினில் ஒரு கத்தி படுக்கைவாட்டில் அதிவேகமாகச் சுழன்று புல்லை அடித்து அறுக்கும். அது மழுங்கியிருந்தால் புல் வெட்டுப்படாமல் கிழியும். ஓரிரு நாளில் நுனியெல்லாம் பழுப்பாகி, தரையே வாடினது மாதிரி தெரியும்.

ரீல் மோவரில் சக்கரம் உருள உருள, அதனுள்ளே இருக்கும் பல்சக்கரம் ஓர் உருளையைச் சுழற்றுகிறது. உருளையில் 5 முதல் 7 வரை முறுக்கின கத்திகள் இருக்கும். அடியில் அசையாமல் ஒரு பட்டைக் கத்தி உண்டு, அதை அடிக்கத்தி என்று வைத்துக்கொள்வோம். சுழலும் கத்தி புல்லை இழுத்து அடிக்கத்தியின் விளிம்பில் வைத்து நறுக்குகிறது. கத்திரிக்கோலின் இரண்டு அலகும் துணியை வெட்டுவது போலத்தான்.

துணிக்கும் இந்த மெஷினுக்கும் உறவும் உண்டு. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சமமாக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அமைப்பு இன்றைக்கும் கிட்டத்தட்ட அதேதான். பழைய காலத்துச் சாமான் என்று யாராவது சிரித்தால், கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள புல்லையும் விம்பிள்டன் டென்னிஸ் தரையையும் இன்னும் உருளைக் கத்தியால்தான் வெட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். அங்கே மோட்டார் ஓட்டுகிறது, வெட்டும் முறை இதுவே. விம்பிள்டனில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர்!

சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே நல்லதா, இல்லை நம் மனத்திருப்திக்கா? அவ்வளவு சின்ன எஞ்சின் எவ்வளவு புகை விட்டுவிடப் போகிறது?

எஞ்சின் சின்னதாக இருப்பதுதான் வம்பே. காரில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் புல்வெட்டிகளில் பொதுவாகக் கிடையாது. கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது: தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால், புதிய காரில் 300 மைல் போவதற்குச் சமமான மாசு வெளியாகும். இது புகைப்பனியை உண்டாக்கும் வாயுக்களின் கணக்கு, கரியமில வாயுவின் கணக்கு இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2021இல் அந்த மாநிலம் சட்டம் போட்டு, புதிதாக விற்கும் சின்ன எஞ்சின் கருவிகளைப் படிப்படியாகப் புகையில்லாதவையாக மாற்றச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மெஷின் 90 டெசிபல் பக்கம் போகும், காதை மூடிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ரீல் மோவரை விடிகாலையில் ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. தினமும் தண்ணீர் ஊற்றி, மூட்டை மூட்டையாக யூரியா போட்டு வளர்க்கும் புல்லைக் கைமெஷினால் வெட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தண்ணீரையும் உரத்தையும் குறைத்தால் புல்லும் நிதானமாக வளரும், நீங்கள் தள்ளுவதும் குறையும்.

எங்கள் தரைக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

300, 400 சதுர மீட்டர் வரை ஒருவர் அலுப்பில்லாமல் வெட்டலாம். அதற்கு மேல் முடியாது என்றில்லை, வாரா வாரம் செய்ய மனசு வராது.

பரப்பை விட முக்கியம், என்ன புல் என்பது. அருகம்புல், சோய்சியா போன்ற மெல்லிய இலைப் புற்கள் தாழ்வாக வெட்டுவதைத் தாங்கும், ரீல் மோவருக்கும் அவைதான் பிடிக்கும். ஆனால் இவை அடர்த்தியானவை, அதனால் வாரம் தவறக்கூடாது. செயின்ட் அகஸ்டின் மாதிரி அகல இலைப் புல்லை உயரமாக விட வேண்டும். பல ரீல் மோவர்களில் உச்ச உயரமே 6, 7 சென்டிமீட்டர்தான், அதனால் வாங்கும் முன் அந்த அளவைப் பாருங்கள்.

தரை மேடு பள்ளமாக இருந்தால் மேட்டில் மழித்துவிடும், பள்ளத்தைத் தொடாமலே போய்விடும். மணலும் மட்கிய உரமும் கலந்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அவ்வப்போது தூவிவந்தால் பள்ளம் நிரவிவிடும். மரத்தடியில் சுள்ளி விழுந்துகொண்டே இருக்கும் இடம் என்றால் யோசித்து வாங்குங்கள். பென்சில் தடிமனில் ஒரு குச்சி போதும், உருளை நின்றுவிடும்.

அண்ணா, புதுசாக வாங்கினேன், தள்ளவே முடியவில்லை. நான்கு அடி போவதற்குள் மூச்சு வாங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் மெஷினைத் தலைகீழாகப் போட்டு, கைக்குக் கனமான கையுறை மாட்டி, உருளையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அது தானாக ஒன்றிரண்டு சுற்றாவது ஓட வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் அடிக்கத்தி இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. கடையிலிருந்து வரும் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். பெட்டி குலுங்கியே வருகிறது இல்லையா!

அடிக்கத்தியின் இரண்டு ஓரத்திலும் ஸ்க்ரூ இருக்கும். பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு: ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றதை முடுக்க வேண்டும். எதைத் திருப்பினால் கத்தி நெருங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது பேப்பர் சோதனை. செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்து, உருளையை ஒரு குச்சியால் மெதுவாகத் திருப்புங்கள். பேப்பர் சுத்தமாக நறுக்கிக்கொண்டு விழ வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள், ஒவ்வொரு கத்திக்கும் பாருங்கள். மடங்கிக்கொண்டு போனால் இடைவெளி அதிகம். வெட்டுகிறது, ஆனால் இரும்பு உரசும் சத்தம் பலமாக வருகிறது என்றால் நெருக்கம் அதிகம். லேசாக ஒரு ‘ஸ்ஸ்’ வந்தால் போதும். சில மாடல்களில் கத்தியும் கத்தியும் தொடவே கூடாது, ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். அதைக் கையேட்டில் சொல்லியிருப்பார்கள்.

வெட்டு சரியில்லை என்று தோன்றினாலே ஸ்க்ரூவை முடுக்குகிறவர்கள் அதிகம். அப்படி முடுக்கினால் தள்ளுவது கஷ்டமாகும், கத்தியும் வீணாகத் தேயும். சரிசெய்த பிறகும் கனமாகவே இருந்தால் என்னிடம் மறுபடி கேளுங்கள். அப்போது பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

பத்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் புல் முழங்காலைத் தொடுகிறது. மெஷின் அதன் மேல் ஏறிப் போகிறதே தவிர வெட்டமாட்டேன் என்கிறது.

அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீண்ட புல்லை உருளை முன்பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. சாய்ந்த புல் கத்திக்குள் வராது. பத்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் அரிவாளோ டிரிம்மரோ எடுத்து முதலில் பாதியாக்குங்கள், வெட்டியதை வாரிக்கொட்டுங்கள். அப்புறம் மெஷினை உச்ச உயரத்தில் வைத்து ஒரு தரம், மூன்று நான்கு நாள் விட்டு ஒரு படி இறக்கி இன்னொரு தரம்.

இப்படி மீறி வளர்ந்த நிலை தவிர, ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லாப் புல்வெட்டிக்கும் பொது விதி. 6 சென்டிமீட்டரில் நிறுத்த நினைத்தால் 9 ஆகும்போதே வெட்டிவிட வேண்டும். மோட்டார் மெஷின் வைத்திருப்பவர் விதியை மீறினால் புல்லுக்குத்தான் கஷ்டம். ரீல் மோவர் வைத்திருப்பவர் மீறினால் தோளுக்கும் கஷ்டம்.

மாதம் ஒரு தரம்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் இதை வாங்காதீர்கள். பேட்டரி மெஷின் வாங்குங்கள், அதுவும் புகை விடாது. இதை முகத்துக்கு நேரே சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

எல்லாம் வெட்டுகிறது, ஆனால் நெட்டையாக நாலைந்து காம்பு மட்டும் அப்படியே நிற்கிறது. கத்தி மழுங்கிவிட்டதா?

மழுங்கவில்லை. அவை பூங்கதிர்க் காம்புகள். விறைப்பாக இருப்பதால் உருளை தட்டியதும் சாய்ந்து, மெஷின் போனதும் நிமிர்ந்துகொள்ளும். கோரையும் இதே வித்தைதான் காட்டும். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில் என்று இரண்டு தரம் போனால் பாதிக்கு மேல் அகப்பட்டுவிடும். மீதியைக் கையால் கிள்ளுங்கள். ஒவ்வொரு வாட்டியும் திசையை மாற்றி வெட்டினால் புல் ஒரு பக்கமாகப் படிந்து வளராது.

பின்னால் இழுக்கும்போது டிக் டிக் என்று சத்தம். உடைந்துவிட்டதா?

இல்லை, அது ராட்செட். முன்னால் தள்ளும்போது மட்டும் உருளை பிடிக்கும், பின்னால் இழுத்தால் நழுவும். அந்தச் சத்தம் வந்தால் நல்லது. முன்னால் தள்ளும்போதும் வந்தால்தான் கவலை.

கத்தியை எப்படித் தீட்டுவது? கடையில் கொடுக்க வேண்டுமா?

வீட்டு உபயோகத்தில் ஆண்டுக்கு ஒரு தரம் போதும், சிலருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு தரம். சாணை பிடிக்கும் முறை வேண்டாம். ஒவ்வொரு கத்தியாகத் தேய்த்தால் ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்று ஆகிவிடும். உருளையைத் தலைகீழ்த் திசையில் சுழற்றி அடிக்கத்தியோடு உரசவிடுவதுதான் முறை. அப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித் தேயும்.

அதற்குக் கிரைண்டிங் பேஸ்ட் வேண்டும். எஞ்சின் வால்வு தேய்க்க மெக்கானிக் வைத்திருப்பாரே, அதே பேஸ்ட். ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் உருளைத் தண்டின் முனையில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் தெரியும். சில மாடல்களில் அங்கே கைப்பிடி மாட்டிப் பின்பக்கமாகச் சுற்றலாம். மற்றவற்றில் இரண்டு பக்கப் பினியனையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, மெஷினைப் பின்னால் இழுத்தால் உருளை எதிர்த்திசையில் ஓடும். பினியனைக் கழற்றும்போது அதற்குள்ளிருந்து ஒரு சின்ன இரும்புக் கட்டை நழுவி விழும். ராட்செட்டே அதுதான், புல்லுக்குள் போனால் தேடி மாளாது. கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி விளிம்புகளில் பேஸ்ட்டைத் தடவி, அடிக்கத்தியை லேசாகத் தொடும்படி நெருக்கி, சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் கரகரவென்று கேட்கும், போகப் போகச் சத்தம் மெலியும். விளிம்பு முழுக்க ஒரே சீராக மினுமினுத்தால் முடிந்தது. பேஸ்ட்டைத் துளி மிச்சமில்லாமல் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பேப்பர் சோதனை செய்யுங்கள். கல்லில் பட்டு ஆழமாகப் பல் விழுந்த கத்திக்கு இது போதாது. அதைக் கடையில்தான் கொடுக்க வேண்டும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது? அப்படியே விட்டால் தரை மூச்சுத் திணறும் என்கிறார்களே?

வாரா வாரம் வெட்டினால் துணுக்குகள் சின்னவை, பெரும்பகுதி தண்ணீர். சில நாளில் வதங்கி மண்ணுக்குள் போய்விடும். ஆண்டு முழுக்கத் தரைக்கு வேண்டிய நைட்ரஜனில் கால் பங்கு வரை இதிலேயே திரும்பக் கிடைக்கும். தரைமேல் படியும் நார் அடுக்குக்குக் காரணம் பெரும்பாலும் தண்டும் வேரும்தான், இந்தத் துணுக்கில்லை. கட்டிகட்டியாக விழுந்தால் மட்டும் வாருங்கள். ஈரத்தில் வெட்டினால் அப்படித்தான் விழும், சக்கரமும் வழுக்கும். பனி உலர்ந்த பிறகு இறங்குங்கள்.

மர இலைச் சருகை இது பொடியாக்காது. முதலில் கூட்டிவிடுங்கள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தள்ளலாமா ஐயா?

வேகமாக நடந்தால் மூச்சு வாங்காதவர் தள்ளலாம். இதய நோயோ முதுகுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். 35 சென்டிமீட்டர் அகல மெஷின் எடுங்கள், கைப்பிடியை இடுப்புயரத்தில் வையுங்கள். நின்று நின்று உந்தினால்தான் களைப்பு. ஒரே சீராக நடந்தால் உருளையின் வேகமே பாதி வேலையைச் செய்துவிடும். பாதித் தரையை இன்றைக்கு, மீதியை நாளைக்கு என்று வைத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். மோட்டார் இல்லையே, பயமில்லைதானே?

கல்லைத் தூர வீசி அடிக்காது, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் சக்கரம் உருண்டால் கத்தி சுழலும், விரல் போய்விடும். விளையாட்டு வண்டி என்று தள்ளிப் பார்க்கத் தோன்றும் உருவம் வேறு! பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: குச்சி சிக்கினால் கையால் பிடுங்காதீர்கள். சிக்கல் விடுபட்டதும் உருளை சட்டென்று நகரும். முதலில் மெஷினைப் பின்னுக்கு இழுங்கள். வராவிட்டால் ஒரு கட்டையால் தட்டிவிடுங்கள்.

சுவர் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டாமலே நிற்கிறது.

நிற்கத்தான் செய்யும். சக்கரம் உருளைக்கு வெளியே இருப்பதால் ஓரத்தை எட்டாது. புல் கத்திரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

மேல்துரு பொருட்டே இல்லை, தேய்த்தால் போய்விடும். உருளையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது, மாற்றுப் பேரிங் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு பணத்தை எடுங்கள். அடிக்கத்தி நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். வளைந்திருந்தால் வேண்டாம். சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் திரும்புகின்றனவா என்று ஸ்பேனர் போட்டே பாருங்கள், இறுகிப் போனவை உடைந்துவிடும். கடைசியாக, பையில் ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் முன்னாலேயே பட்டையைக் கிழித்துக் கத்தியில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓரத்திலாவது சுத்தமாக வெட்டினால் மீதியை ஸ்க்ரூவால் சரிசெய்யலாம்.