உப்பு லாரி முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுதா?

வாலிநோக்கத்துல உப்பு ஏத்துற பத்து வீல் வண்டி, முன்னாடி இடது டயர் உள் ஓரம் மட்டும் நாலே மாசத்துல மொட்டை ஆகுது, ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணியும் நிக்கலன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, அலைன்மென்ட்ட விடுங்க, முதல்ல கிங்பின் புஷ்ஷ பாருங்க. கிங்பின்ங்கிறது முன் சக்கரம் திரும்புறதுக்கு அச்சா இருக்கிற பின்னு, புஷ் அதைச் சுத்தி இருக்கிற உறை. புஷ் தேஞ்சிருந்தா லோடு ஏறுனதும் சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், பாரம் பூரா உள் ஓரத்துல உக்காரும். அந்த ஆட்டத்தோட டோ-இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் லேசா உள்ள பாத்து நிக்கிற அளவு) வச்சா சாயல்குடி தாண்டுறதுக்குள்ள அளவு மாறிடும்ல, காசுதான் தண்டம்.

பின் சக்கரத்துக்கு கட்டை போட்டுட்டு முன் ஆக்சில ஜாக்கில தூக்கி டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, கிளீனர் தம்பிய பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், மிதிச்சும் ஆடுனா கிங்பின். அப்புறம் கடப்பாரைய டயருக்கு அடியில குடுத்து நெம்புங்க, சக்கரம் டொக்குனு மேல ஏறி இறங்குனா கிங்பின் பக்கம் மேல-கீழயும் தேய்மானம். சைடுல ரெண்டு கையால பிடிச்சு ஆட்டுனா டை ராடு என்ட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட முனை) தேஞ்சிருக்கான்னு தெரிஞ்சிரும்.

நம்ம பக்கம் இது சீக்கிரம் வர்றதுக்கு உப்புத்தண்ணிதான் காரணம், ஈர உப்பு ஏத்துனா சொட்டிக்கிட்டே வருது, மண்டபத்து மீன் வண்டியிலயும் இதே கததான். சீல் வழியா உள்ள போயி கிரீஸ கெடுத்துரும். நடைக்கு நடை நல்ல தண்ணியில அடிய கழுவுங்க, கிரீஸ் அடிக்கிறப்ப சக்கரத்த தூக்கி வச்சு அடிங்க, பழசு வெளிய தள்ளி புதுசு எட்டிப் பாக்குற வரைக்கும். தரையில நிக்கிறப்ப அடிச்சா பாரம் அமுக்குற பக்கம் கிரீஸ் சரியா போகாது. ஆக்சில பட்டையோட சேத்துப் பிடிக்கிற யு போல்ட்டையும் ஒரு பார்வை பாருங்க, துரு ஏறி லூசானா ஆக்சிலே நகந்துரும்.

புஷ் மாத்துனப்புறம்தான் அலைன்மென்ட். ரேடியல் டயருக்கு முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் போல சுருங்கி இருக்கணும், வண்டி புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. சரியான்னு பாக்க கொஞ்ச நாள் ஓட்டிட்டு டயர் பட்டன் (தரையில படுற பூக்கட்டை) மேல உள்ளங்கைய குறுக்க தடவுங்க: உள்ள தடவுனா வழுவழுன்னும் வெளிய தடவுனா கூர் குத்துற மாதிரியும் இருந்தா டோ-இன் கூட, தலைகீழா இருந்தா டோ-அவுட், அதாவது முன்பக்கம் விரிஞ்சிருக்கு.

ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, நடு தேஞ்சா அதிகம், இது தெரிஞ்சதுதான். காலைல டயர் சூடு ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க, பின்னாடி ஜோடியில உள் டயரதான் எல்லாரும் மறந்துர்றாங்க.

பழைய டயர்ல கம்பி தெரியலன்னா, பட்டனும் இன்னும் இருந்தா, ரிம்ல திருப்பி மாட்டி தேஞ்ச பக்கத்த வெளிய கொண்டாங்க, பக்கவாட்டுல அம்புக்குறி இருக்கிற டயருக்கு மட்டும் அது ஆகாது.