ரம் பழத்துக்கு, மாவுக்கு அல்ல: பிளம் கேக் சந்தேகங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரம்மில் பழம் ஊறவைத்துச் செய்யும் கேக்கைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை ஒன்றுசேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கே: பழத்தை மூன்று நாள் ஊறவைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். ஆறு மாதம் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? ஒரு கிலோவுக்கு எவ்வளவு ரம்?

ப: இரண்டுமே சரி. மூன்று நாள் என்பது குறைந்தபட்சம். ஒரு மாதம் ஊறினால் ருசி நன்றாகக் கூடும். அதற்கு மேல் ஊறுவதால் கெடுதல் இல்லை, ஆனால் வித்தியாசம் சிறிதுதான்.

1 கிலோ உலர்பழத்துக்கு 300 மி.லி. ரம் அளவாக இருக்கும். கருந்திராட்சை 350 கிராம், கிஸ்மிஸ் 250, பேரீச்சை 150, அத்தி 100, ஆப்ரிகாட் 100, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல் 50 என்ற கணக்கில் எடுத்தால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். பெரிய பழங்களைத் திராட்சை அளவுக்கு நறுக்குங்கள். சில திராட்சைகள் ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூசி விற்கப்படுகின்றன. அந்தப் படலம் இருந்தால் ரம் உள்ளே இறங்காது. வெந்நீரில் ஒருமுறை அலசி, துணியில் பரப்பி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திய பிறகே போடுங்கள்.

பாத்திரம் கண்ணாடி ஜாடியாக இருக்கட்டும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். முதல் வாரம் தினமும் ஒருமுறை ஜாடியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் அடியில் உள்ள பழம் மட்டும் குடித்துவிடும். மேல் பழம் காய்ந்து தெரிந்தால் 50 மி.லி. சேர்க்கலாம். பாதாம், முந்திரி எதையும் ஜாடிக்குள் போடாதீர்கள். அவை நமுத்துப்போகும். மாவு கலக்கும் அன்று சேர்த்தால் போதும்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு கருந்திராட்சையை எடுத்துப் பாருங்கள்: சுருக்கம் விரிந்து, தோல் பளபளவென்று இருக்க வேண்டும். இரண்டாக வெட்டினால் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் கெட்டியாக, வெளிறித் தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. அரைகுறையாக ஊறிய பழம் அடுப்பிலும் அதன் பிறகும் கேக்கின் ஈரத்தையே உறிஞ்சும். "எவ்வளவு ரம் ஊற்றியும் கேக் வறண்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

கே: நாளைக்கே கேக் செய்ய வேண்டும். வழி உண்டா?

ப: உண்டு. 1 கிலோ பழத்துடன் 150 மி.லி. ஆரஞ்சுச் சாறு ஊற்றி, சிறு தீயில் சாறு வற்றும்வரை கிளறுங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, சூடு கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும் 150 மி.லி. ரம் ஊற்றி மூடிவிடுங்கள். மறுநாள் காலை தயார். தீ எரியும்போது ரம்மை ஊற்றவே கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கே: ரம்தான் வேண்டுமா? பிராந்தி, விஸ்கி, ஒயின்?

ப: டார்க் ரம் எங்கள் முதல் தேர்வு. கரும்புப் பாகின் கழிவிலிருந்து வருவதால் பிரவுன் சுகரோடும் பட்டை, கிராம்போடும் இயல்பாகச் சேரும். பிராந்தி திராட்சையிலிருந்து வருவது. கிஸ்மிஸும் ஆப்ரிகாட்டும் அதிகமுள்ள கேக்குக்கு அது இன்னும் பொருந்தும். விஸ்கி போடலாம், ஆனால் புகைவாசனை உள்ள வகை வேண்டாம். 40 சதவீத ஆல்கஹால் உள்ள எதுவும் வெளியே வைத்து நெடுநாள் ஊறத் தாங்கும். ஒயினில் 12, 13 சதவீதம்தான் இருக்கும். அதில் ஊறவைத்தால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் செய்துவிடுங்கள், வெளியே விட்டால் புளித்துவிடும்.

கே: வெட்டிப் பார்த்தால் பழமெல்லாம் அடியில் கிடக்கிறது. மாவில் புரட்டித்தான் போட்டேன்.

ப: மாவில் புரட்டுவது சிறு உதவிதான். கலவை கெட்டியாக இருந்தால் பழம் தானே நிற்கும். 20 செ.மீ. வட்டத் தகரத்துக்கு, 7.5 செ.மீ. உயரம் உள்ளதாக, இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பிரவுன் சுகர் 225, முட்டை 4, மைதா 250, பாதாம் பொடி 50, பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கிராம்பு சேர்ந்த பொடி 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், மேலே சொன்ன 1 கிலோ பழம். பேக்கிங் பவுடர் வேண்டாம். அதைப் போட்டால் கலவை பொங்கி இளகும், பழம் இறங்கும், நடுப்பகுதியும் குழியும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் கலவை திரிந்துவிடும், ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். திரிந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி தூவி அடித்தால் சேர்ந்துவிடும். மைதா சேர்த்த பிறகு பீட்டரைத் தொடாதீர்கள், கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும்.

பழத்தைச் சேர்ப்பதற்கு முன் வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்து ரம்மை வடித்துவிடுங்கள். ஜாடியில் மிஞ்சியதை மாவிலேயே ஊற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது கலவையை நீர்க்க வைக்கும். அதை எடுத்து வைத்து, வெந்த கேக்குக்கு ஊட்டுங்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரி சேர்ப்பதாக இருந்தால் கழுவித் துடைத்துப் பாதியாக வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் பாகின் கனத்தில் அதுதான் முதலில் மூழ்கும். கடைசியில் ஒரு கரண்டி கலவையை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தானாக வழியாமல், ஒரு தட்டு தட்டியதும் பொத்தென்று விழ வேண்டும்.

கே: மேலே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது.

ப: ஓவன் சூடு அதிகம். 140 டிகிரி, ஃபேன் உள்ள ஓவன் என்றால் 120. சுமார் நான்கு மணி நேரம் ஆகும். மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பார்க்கத் தொடங்குங்கள். தகரத்தின் உள்ளே பட்டர் பேப்பரை இரண்டு அடுக்காக, விளிம்பைவிட இரண்டு அங்குலம் உயரமாக விரியுங்கள். வெளியே பழுப்புத் தாளைச் சுற்றி நூலால் கட்டுங்கள். ஓவனின் பக்கச் சூடு நேராக விளிம்பைத் தாக்காமல் இது தடுக்கும். மேல்பாகம் சீக்கிரம் சிவந்தால் ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள்.

குச்சி குத்திப் பார்க்கும்போது பழத்தில் குத்தினால் பிசுபிசுப்பு ஒட்டும், ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். இன்னொரு சோதனை: தகரத்தை வெளியே எடுத்துக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். வேகாத கேக்கிலிருந்து நுரை உடைவது போன்ற மெல்லிய சலசலப்பு கேட்கும், ஈரம் இன்னும் கொதிக்கிறது என்று பொருள். அது ஓய்ந்திருந்தால் வெந்துவிட்டது.

கே: வெந்த கேக்குக்கு எவ்வளவு ரம், எத்தனை தடவை ஊட்டலாம்? போன முறை பூஞ்சை வந்துவிட்டது.

ப: தகரத்திலேயே முழுதும் ஆறவிடுங்கள். மெல்லிய குச்சியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் முக்கால் ஆழம் குத்தி, 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி., துளித்துளியாக விடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரு வாரம் மேல்பக்கம், மறுவாரம் அடிப்பக்கம். நான்கு வாரம் போதும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் ஃபாயில், பிறகு காற்றுப் புகாத டப்பா. ஃபாயில் நேரடியாகக் கேக்கில் படக் கூடாது, பழத்தின் புளிப்பு அதை அரிக்கும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடியிருந்தாலோ, உள்ளே சரியாக வேகாமல் இருந்தாலோ, ஈரக் கரண்டி பட்டிருந்தாலோ பூஞ்சை வரும். ரம்முக்குப் பதில் சாறு ஊட்டினாலும் வரும். வந்துவிட்டால் மேலே சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். நான்கு மணி நேர உழைப்பு போகிறதே என்று மனம் வராது. ஆனாலும் எறியத்தான் வேண்டும்.

கே: ஓவனில் ஆல்கஹால் முழுக்கப் போய்விடுமா? குழந்தைகளுக்குத் தரலாமா?

ப: முழுக்கப் போகாது. மாவில் கலந்து வேகவைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சுமார் 25 சதவீதம், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் சுமார் 5 சதவீதம் எஞ்சும் என்கிறது அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணை. வெந்த பிறகு ஊட்டும் ரம் அடுப்பையே பார்ப்பதில்லை, அப்படியே உள்ளே இருக்கும். ஆகவே குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மதுவை விட்டவர்களுக்கும் தராதீர்கள். விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட்டே பரிமாறுங்கள். மது கூடாதவர்களுக்கென்று கெட்டியான தேநீர் டிகாக்ஷனும் ஆரஞ்சுச் சாறும் சமமாகக் கலந்து, பழத்தை ஓர் இரவு ஃபிரிட்ஜில் ஊறவைத்துத் தனிக் கேக் செய்யலாம். அதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கே: கேக் கசக்கிறது. ரம் நெடியும் மூக்கைத் துளைக்கிறது.

ப: இரண்டும் தனித்தனிக் குறை. நெடி என்றால் கடைசியாக ஊட்டி நாள் ஆகவில்லை. பத்து நாள் தொடாமல் வையுங்கள், காரம் அடங்கிவிடும். கசப்புக்குக் கிராம்பு காரணமாக இருக்கலாம், 2 டீஸ்பூன் பொடியில் கிராம்பு கால் டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்திருந்தால் அது எல்லை மீறியிருக்கும். செம்பு நிறம் தாண்டி அடர்பழுப்பானதும் அணைத்து, 100 கிராம் சர்க்கரைக்கு 60 மி.லி. வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றுங்கள், கடுமையாகத் தெறிக்கும். கறுத்துப் புகைந்துவிட்டால் பயன்படாது. மறுபடி செய்யுங்கள்.

ருசி பார்ப்பதற்கு, ஊட்டத் தொடங்கி ஒரு மாதம் கழித்த கேக்கை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, மெல்லிய கூர்க்கத்தியால் விரல் பருமனுக்கு வெட்டுங்கள். குளிர்ந்த கேக் உதிராது. வெட்டிய துண்டைச் சாதாரண சூட்டுக்கு வரவிட்டு, முதலில் முகருங்கள்: பழமும் மசாலாவும் முன்னால் வந்து, ரம் பின்னால் வர வேண்டும். ரம் முன்னால் வந்தால், மீதியை மறுபடி சுற்றி வைத்து அடுத்த வாரம் திறவுங்கள்.