பழைய பேனலும் பழைய பேட்டரியும் யார் கைக்குப் போகின்றன? – வாசகர் கேள்வி, பதில்

மறுசுழற்சி, மின் உற்பத்தி மாற்றம் ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: மத்திய அரசின் மானியத்துடன் எங்கள் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் அமைத்திருக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு பேனல்களை எங்கே கொடுப்பது? பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தெருவில் வரும் வியாபாரியிடம் போட்டது தவறா? – வாசகி, மதுரை

தங்கள் மாடியில் ஆறு பேனல்கள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிலோ எடை. அந்த எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. அலுமினியச் சட்டமும் செம்புக் கம்பியும் எளிதில் கழற்றி விற்கக்கூடியவை. சிலிக்கானும் மிகச் சிறிய அளவு வெள்ளியும் கண்ணாடிக்கு அடியில் பசைப் படலத்தால் இறுக ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரித்தெடுக்க வெப்பமோ வேதிப்பொருளோ தேவைப்படுகிறது. சாதாரணக் கடையில் சட்டத்தையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் கொட்டிவிடுவதற்குக் காரணம் இதுதான். பற்றவைப்பில் உள்ள ஈயமும் அதனுடன் மண்ணுக்குப் போய்விடுகிறது.

2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனல்களை முதன்முறையாகத் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. ஆனால் உற்பத்தியாளர்கள் 2034-35 வரை பேனல் கழிவைச் சேமித்து வைத்தால் போதும் என்று அவை கூறுகின்றன. எல்லாப் பேனலும் இருபத்தைந்து ஆண்டு நிற்கும் என்ற கணக்கில் இது சரியாகத் தோன்றும். ஆனால் புயலில் பெயர்ந்தவையும், ஏற்றி இறக்கும்போது விரிசல் விட்டவையும், அதிகத் திறனுள்ள புதியதற்காக முன்கூட்டியே கழற்றப்படுபவையும் இப்போதே வந்துகொண்டிருக்கின்றன. 2030-இல் இந்தியாவின் சோலார் கழிவு 3.4 இலட்சம் டன்னை எட்டும் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலிருந்து வரும் என்றும் 2024-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. எனவே தாங்கள் இன்று செய்யவேண்டியது ஒன்றுதான்: வாங்கிய ரசீதையும் பேனலின் பின்புறமுள்ள வரிசை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். உற்பத்தியாளரைப் பொறுப்பேற்கச் சொல்ல அதுவே ஆதாரம்.

பேட்டரி குறித்துத் தாங்கள் கேட்டது இன்னும் அவசரமான கேள்வி. பழைய ஈய பேட்டரியைக் கடைக்காரர் திரும்பப் பெறவேண்டும் என்று 2001-ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. 2022-இல் எல்லா வகை பேட்டரிகளுக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதி வந்தது. இருந்தும் தெருவியாபாரி கூடுதல் விலை தருகிறார். மாசுக் கட்டுப்பாட்டுக்குச் செலவிடும் ஆலையால் தர முடியாத அந்த விலையைக் கொல்லைப்புறத்தில் பேட்டரியை உடைத்து உருக்குபவரால் தர முடிகிறது. அந்த விலை வித்தியாசத்தை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் தங்கள் உடலால் கட்டுகிறார்கள். செனகல் நாட்டின் டாக்கர் நகரையொட்டிய தியாரோயில் 2007-08-இல் இப்படி பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்த இடத்தைச் சுற்றி 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தனர். அடுத்த முறை, நூறு இருநூறு குறைந்தாலும், புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் காயலான் கடை நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர், டிவி எல்லாவற்றையும் இனிப் பதிவு பெற்ற நிறுவனங்கள் மட்டுமே கையாளலாம் என்கிறார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது மேடையில் பேசுவதை என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் செய்துவருகிறோம். எங்களுக்கு அதில் இடம் உண்டா? – வாசகர், சென்னை

ஐயா, தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். தங்கள் கேள்வியில் உள்ள மனக்குறை நியாயமானது. சட்டத்தின் வாசகமே அதற்கு ஆதாரம். 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சேகரிப்பு மையம், பிரிப்பவர் ஆகியோருக்குத் தனி இடம் இருந்தது. 2022-ஆம் ஆண்டின் விதிகள் அவ்விரண்டையும் எடுத்துவிட்டு, பொருளைத் தயாரிப்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்ற நால்வரை மட்டும் பதிவுக்கு உரியவர்களாக வைத்தன. மறுசுழற்சி ஆலை இத்தனை கிலோ உலோகத்தை மீட்டேன் என்று சான்றிதழ் பெறுகிறது. பொருளைச் சந்தையில் விற்கும் நிறுவனங்கள் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கித் தங்கள் மறுசுழற்சிக் கடமையை நிறைவேற்றுகின்றன. அந்த விலை அடிமட்டத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்ற குறைந்தபட்ச அளவை அரசு நிர்ணயித்தது. பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. ஆலைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான இந்த வாதத்தில், பழைய டிவியை மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி இறக்கி வண்டியில் ஏற்றியவருக்கு அந்த 22 ரூபாயில் எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை. விதியில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை இது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாறான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. புனே நகரில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-இல் சங்கமாகத் திரண்டார்கள். 2008-இல் அவர்களே உரிமையாளர்களாக உள்ள ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு புனே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடுகள் மாதக் கட்டணம் செலுத்துகின்றன; தொழிலாளர்கள் வாசலுக்கு வந்து குப்பையைப் பெறுகிறார்கள்; அதில் விலைபோகும் பொருள் அவர்களுக்கே சொந்தம். இந்தக் கடைசி உரிமைதான் முக்கியமானது. பல நகரங்களில் எடைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரப்படுவதால், குப்பை எவ்வளவு கூடுதலாகக் கிடங்குக்குப் போகிறதோ அவ்வளவு அவருக்கு வருமானம், பிரித்தெடுத்தால் நட்டம். புனேயில் பிரித்தெடுப்பவருக்கே வருமானம் வருவதால், யாரும் அறிவுரை கூறாமலே பொருள் சுழற்சிக்குத் திரும்புகிறது.

தங்களுக்கு என் யோசனை: மின்சுற்றுப் பலகையை உடைப்பதும் அமிலத்தில் நனைப்பதும் கம்பியை எரிப்பதும் தங்கள் உடலுக்கே கேடு, அவற்றை ஆலைக்கு விட்டுவிடுங்கள். சேகரிப்பது, தரம் பிரிப்பது, பழுதுபார்த்து விற்பது ஆகியவை தங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலைகள். புதுப்பிப்பவர் என்ற பதிவுக்கு விதியில் இடம் இருக்கிறது. தனியாக அலைவது கடினம் என்பதால், அருகிலுள்ள கடைக்காரர்கள் சிலர் கூட்டுறவாகவோ சங்கமாகவோ சேர்ந்து, பதிவு பெற்ற ஆலையுடன் விலை பேசுங்கள். தங்கள் கடைக்குப் பொருள் கொண்டுவரும் குப்பை பொறுக்குவோரிடமும் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: துப்புரவுத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டம் 2024-இல் அவர்களையும் உள்ளடக்கியது, கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்தால் அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் கோரலாம்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதியவை வைக்கப்போவதாகப் பேச்சு. இறக்கைகளை என்ன செய்வார்கள்? – வாசகர், ஆரல்வாய்மொழி

தங்கள் ஊரையொட்டிய முப்பந்தல் பகுதியில் தொடக்க காலத்தில் நிறுவப்பட்டவை 250 கிலோவாட் அளவுள்ள சிறிய இயந்திரங்கள். இன்று ஒரே இயந்திரம் அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் தருகிறது. நாட்டின் மிக நல்ல காற்று வீசும் இடங்களைப் பழைய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால், மத்திய அரசு 2023-இலும் தமிழக அரசு 2024-இலும் புதுப்பித்தல் கொள்கைகளை வெளியிட்டன. கோபுரத்தின் எஃகும் உள்ளிருக்கும் செம்பும் விலைபோய்விடும். இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது, உருக்க முடியாது. ஜெர்மனியில் அதை அரைத்துச் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துகிறார்கள். நெல்லை, விருதுநகர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் இங்கும் அது இயலாத காரியமன்று. இறக்கை எங்கே போகிறது என்பதைக் காட்டும் சான்றை, புதிய இயந்திரத்துக்கான அனுமதியுடன் சேர்த்துக் கேட்குமாறு ஊராட்சி வலியுறுத்தலாம்.

கேள்வி: நிலக்கரியை நிறுத்தவேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் என் கணவருக்கும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த எங்கள் உறவினர்களுக்கும் என்ன வழி? – வாசகி, கடலூர் மாவட்டம்

அம்மா, 2070-க்குள் நிகரப் பூச்சிய உமிழ்வை, அதாவது காற்றில் விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலையை, எட்டுவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்திருக்கிறது. தங்கள் ஊரில் அந்த மாற்றத்தின் காலம் தொடங்கிவிட்டது. 1962-இல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகவும் பழுப்பு நிலக்கரி நிலையமே வந்ததால் அதிர்ச்சி பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த முறை அப்படி அமையாது.

ஜெர்மனி தன் கருநிலக்கரிச் சுரங்கங்களை 2018-க்குள் மூடுவதென 2007-இலேயே முடிவெடுத்து, தொழிலாளர்களை வேலையின்றித் தெருவில் விடுவதில்லை என்ற உறுதியுடன் மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வுத்தொகையும் இளையவர்களுக்கு மாற்றுப் பயிற்சியும் கொடுத்து, 2018 டிசம்பரில் பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கத்தை மூடியது. 2038-க்குள் பழுப்பு நிலக்கரியையும் நிறுத்தும் 2020-ஆம் ஆண்டின் சட்டத்துடன், அந்த வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. இங்கே அதை அப்படியே பின்பற்றமுடியாததற்குப் பணம் மட்டுமே காரணமில்லை. அங்கே யார் யார் தொழிலாளர் என்ற பட்டியல் இருந்தது. தங்கள் கணவர் போன்றவர்கள் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களாகவே ஏட்டில் எழுதப்படுகிறார்கள். பட்டா இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு நிலம் போனபோதும் இழப்பீடு கிடைக்கவில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு எந்த மாற்றமும் நியாயமாக அமைய வாய்ப்பில்லை.

ஆகவே முதலில், தங்கள் கணவரின் வருங்கால வைப்புநிதி எண், நுழைவு அட்டைகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள். இரண்டாவதாக, 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது; சுரங்கம் நடத்துவோர் உரிமைத்தொகையுடன் சேர்த்து அதற்குப் பணம் செலுத்துகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களின் கல்வி, தொழிற்பயிற்சி, வாழ்வாதாரம் ஆகியவற்றுக்கு அதைச் செலவிட இடமுண்டு. ஆனால் அது சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்விடுவதே வழக்கம். அந்த நிதியிலிருந்து தங்கள் ஊராட்சிக்கு இதுவரை என்ன வந்தது, ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி திட்டமிடப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்த கிராம சபையில் எழுத்து மூலம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.