மூக்கு மட்டும் வைத்த பொம்மை

கேள்வி: பிரிட்டிஷ் மியூசியத்தில் மகள் எடுத்து அனுப்பிய படத்தில் ஒரு வெள்ளைப் பளிங்கு பொம்மை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. முகத்தில் மூக்கு மட்டும்தான். கிரேக்கத்தின் சைக்ளாடிஸ் தீவுக்காரர்களுக்குக் கண், வாய் செதுக்கத் தெரியாதா?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: முதலில், அது நிற்கவில்லை. பாதங்களைப் பாருங்கள், விரல்கள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தாங்கு கம்பியை எடுத்துவிட்டால் குப்புற விழும். இவற்றில் பல, அந்தத் தீவுகளின் கல்லறைகளில் கிடந்தவை. வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள்.

செதுக்கத் தெரியாதவர்களா என்றால், எனக்குக் கோபமே வருகிறது. அப்பாவின் லேத் பட்டறையில் எமரித் தாள் வைத்து ஷாஃப்ட் தேய்த்து வளர்ந்தவன் நான். தாளில் ஒட்டியிருக்கும் கடினமான கல்தூள்தான் எமரி. அது சைக்ளாடிஸில் ஒன்றான நக்சோஸ் தீவில் பாறையாகவே கிடைக்கிறது. பளிங்கும் அதே தீவில் உண்டு, பக்கத்துப் பாரோஸிலும் உண்டு. இரும்பு உளி இல்லாத காலம். எமரிக் கல்லால் கொத்தி உருவம் பிடித்து, அப்புறம் தண்ணீர் விட்டு எமரியாலேயே தேய்த்துத் தேய்த்து இறக்கியிருக்கிறார்கள். விரல், கால் இடுக்குக் கோடுகளைக் கீற, மீலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடிச் சில்லு. மெருகுக்கு நுரைக்கல். வீட்டுத் தரைக்குப் போட்டு மிஞ்சிய மார்பிள் துண்டில் எமரித் தாளை வைத்து நானும் ஒரு மணி நேரம் தேய்த்துப் பார்த்தேன். ஒரு முனை கொஞ்சம் மழுங்கியது, தோள் நன்றாக வலித்தது. அவர்கள் செய்த பொம்மைகளில் ஒன்று, ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பது, கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம்!

கண்ணை மட்டும் அவர்கள் கல்லில் வெட்டாமல் வண்ணத்துக்கு விட்டுவிட்டார்கள்.

கேள்வி: வண்ணம் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? படத்தில் பால் வெள்ளையாகத்தானே இருக்கிறது?
- அதே வாசகி (விடமாட்டார் போலிருக்கிறது)

பதில்: சில பொம்மைகளில் நிறத்துணுக்குகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. சிவப்புக்குச் சாதிலிங்கம், சித்த மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும் அதே பாதரசத் தாது. நீலத்துக்குச் செம்புத் தாது ஒன்று. கண்ணும் தலைமுடியும் நீலம், கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள், கோடுகள்.

நிறம் முழுக்கப் போனவற்றிலும் தடயம் உண்டு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மண்ணுக்குள் கிடக்கும் பளிங்கின் மேற்பரப்பு மெல்ல அரிபடும். வண்ணம் பூசிய இடம் மட்டும் அதன் அடியில் கொஞ்ச காலம் பத்திரமாக இருக்கும். பிறகு வண்ணம் உதிர்ந்தாலும், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை மேடாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், வெறுமையான முகத்தில் பாதாம் வடிவக் கண் எழும்பி வருகிறது. சிலவற்றில் கண்கள் தொடையிலும் கன்னத்திலும்கூட வரையப்பட்டிருக்கின்றன. ஏன் என்று கேட்காதீர்கள்.

மகளை அடுத்த முறை பொம்மையைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாமே பெண்கள்தானா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும். ஆண்களும் சிலர் உண்டு. அதே தீவுக்கூட்டத்தின் கெரோஸ் தீவில் கிடைத்த ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, தலையை அண்ணாந்து யாழ் வாசிக்கிறார். நாற்காலி, ஆள், யாழ் எல்லாம் ஒரே கல். யாழின் வளைவுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருந்த பளிங்கை உடையாமல் எமரியால் குடைந்து எடுத்த கை யாருடையதோ!