ஃப்ளோரிடாவில் வீடு வாங்குமுன் கூரையின் வயதைக் கேளுங்கள்

தம்பி, டாம்பாவில் வீடு பிடித்துப்போய், வங்கிக் கடனும் கிடைத்து, கடைசியில் இன்சூரன்ஸ் தொகையைப் பார்த்து மலைத்துப்போய் எழுதியிருக்கிறீர்கள். "வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் கேட்கிறார்களே அண்ணா, இதைத் தட்டிக்கேட்க அரசாங்கம் இல்லையா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் அது நீங்கள் நினைக்கிற மாதிரி விலையைக் குறைத்துத் தருகிற அரசாங்கம் இல்லை.

அமெரிக்காவில் இன்சூரன்ஸைக் கண்காணிப்பது பெரும்பாலும் அந்தந்த மாநிலம்தான். ஃப்ளோரிடாவில் ஒரு கம்பெனி கட்டணத்தை ஏற்ற வேண்டுமென்றால் கணக்கு வழக்கோடு மாநில இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அலுவலகத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் அநியாயமாகக் கூடியிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். போதாத அளவுக்குக் குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே அடித்தபோது, இழப்பீடு கொடுக்க முடியாமல் பதினொரு கம்பெனிகள் திவாலாகின. மலிவாக வாங்கிய பாலிசி, வீடு இடிந்த அன்று வெறும் காகிதமாகிவிட்டது. மாநிலத்துக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கம்பெனிகளுக்குக் கைகொடுக்க 1993-ல் ஒரு பேரிடர் நிதியையே உருவாக்கினார்கள்.

சரி, உங்கள் பாலிசிக்கு வருவோம். அதில் 'ஹரிகேன் டிடக்டிபிள்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். புயல் சேதத்தில் அந்த அளவுவரை நம் கைக்காசுதான். சாதாரணச் சேதத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்கும். புயலுக்கு மட்டும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2, 5 அல்லது 10 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 2017-ல் இர்மா புயல் வந்தபோது என் வீட்டுக் காப்பீடு நான்கு லட்சம் டாலர், டிடக்டிபிள் 2 சதவீதம். அதாவது முதல் எட்டாயிரம் என்னுடையது. கூரை ஓடுகள் பறந்து, கூடத்தில் தண்ணீர் இறங்கி, பழுதுபார்க்க ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. ஒரு டாலர்கூட வரவில்லை. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிரீமியம் குறைகிறதே என்று 5 சதவீதத்துக்குப் போகாதீர்கள். அவ்வளவு பணம் கையில் இருந்தால் மட்டும் போங்கள்.

2022-ல் என் இன்சூரன்ஸ் கம்பெனியே திவாலானது. பாலிசி முடிந்துபோகும், சீக்கிரம் வேறு பாருங்கள் என்று ஒரு கடிதம். இடைவெளி விட்டால் வங்கி தானே ஒரு பாலிசியை எடுத்து நம் கணக்கில் ஏற்றிவிடும், அது இன்னும் விலை. இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில் சேர்த்துக்கொண்டது சிட்டிசன்ஸ்தான். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்காக மாநிலம் 2002-ல் அமைத்த நிறுவனம் அது. தனியார் கம்பெனியின் விலை அவர்களுடையதைவிட 20 சதவீதத்துக்குமேல் கூடாமல் இருந்தால் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். பெரும்புயலில் அவர்களின் கையிருப்பு கரைந்தால், அந்தப் பற்றாக்குறை கூடுதல் வரியாக மற்றவர்களின் பில்லிலும், கார் இன்சூரன்ஸ்வரை, வந்து விழும்.

இன்னொன்று. 'சர்ப்ளஸ் லைன்ஸ்' என்று, அதாவது மாநிலத்தின் வழக்கமான உரிமம் இல்லாத கம்பெனியின் பாலிசியை, ஏஜெண்ட் காட்டினால் நிதானியுங்கள். சாதாரணக் கம்பெனி திவாலானால், நிலுவையில் உள்ள இழப்பீட்டை ஒரு வரம்புவரை கொடுக்க மாநிலத்தில் உத்தரவாதச் சங்கம் உண்டு. சர்ப்ளஸ் லைன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நம் கைக்குள் இருப்பது கூரைதான். அது எந்த வருஷம் போட்டது, பெர்மிட் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். கூரைக்குப் பதினைந்து வயது ஆகாதவரை, வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2022-ல் சட்டம் வந்தது. அதற்கு மேல் போனாலும், இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்று பரிசோதகர் எழுதிக்கொடுத்தால் வயதைச் சொல்லி மறுக்க முடியாது. அப்புறம் 'விண்ட் மிட்டிகேஷன்' பரிசோதனை. ஒருவர் பரண்மேல் ஏறி, கூரைச் சட்டங்கள் சுவரோடு வெறும் ஆணியில் நிற்கின்றனவா, இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று படமெடுப்பார். ஜன்னல்களுக்குப் புயல் தடுப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்த அறிக்கைக்கு ஏற்பக் கம்பெனி தள்ளுபடி தந்தே ஆக வேண்டும், அது சட்டம். 2002 மார்ச்சில் வந்த புதிய கட்டட விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் இதில் நிம்மதி.

வெள்ளம் இந்தப் பாலிசியில் சேராது. காற்று கூரையைப் பிய்த்து மழை உள்ளே வந்தால் இது. கடல் பொங்கி வாசல் வழியே வந்தால் தனி வெள்ளப் பாலிசி. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். பிறகு எடுக்கலாம் என்று விட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

உங்கள் பத்திரப்பதிவு செப்டம்பரில் என்கிறீர்கள், அது புயல் மாதம். புயல் கரையை நெருங்கினால் கம்பெனிகள் புதுப் பாலிசி கொடுப்பதை நிறுத்திவிடும். பாலிசி இல்லாமல் வங்கி பணத்தை விடாது. அதனால் இந்த வாரமே அந்த விண்ட் மிட்டிகேஷன் பரிசோதனைக்குச் சொல்லிவிடுங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.