முதல் ஹெலிகாப்டர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் வாலாஜாபேட்டையில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறேன். அரக்கோணம் பக்கம் போகும்போதெல்லாம் கடற்படையின் ஹெலிகாப்டர்களை அண்ணாந்து பார்த்துப் பழகியவன். நாற்பத்து மூன்று வயதில், ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கும் ஆசை வந்திருக்கிறது. ஒன்பதாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர், "வாங்குவதை ஒரேயடியாக ஆறு சேனலில் வாங்கிவிடுங்கள், பிறகு மாற்ற வேண்டியிருக்காது" என்கிறார். உடன் வேலை செய்பவரோ, பிள்ளைகள் விளையாடும் இரட்டை விசிறி ஹெலிகாப்டரே போதும் என்கிறார். எதை வாங்குவது? பத்து வயது மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் உங்களிடம் சொன்ன அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் கேட்டு, நம்பி, என் தகுதிக்கு மீறிய ஒரு பெரிய ஹெலிகாப்டரை வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தேன். அது தரையை விட்டு எழும்பிய நான்காவது நொடியில் கைப்பிடிச் சுவரில் மோதியது. உதிரி பாகங்கள் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அது அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. நான் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்த அளவு ஹெலிகாப்டரின் பிளேடு ஒன்றின் நீளம் 325 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 2,500 முறை சுழலும்போது அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. பொம்மை என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

உங்களுடன் வேலை செய்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விசிறி ஒரு பக்கம் சுழன்றால் ஹெலிகாப்டரின் உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் இன்னொரு சிறு விசிறி. 1939இல் ஹெலிகாப்டர் வடிவமைப்பாளர் சிகோர்ஸ்கி பறக்கவிட்ட விஎஸ்-300 முதல், அரக்கோணத்தில் கடற்படை விமானிகள் பழகும் சேத்தக் ஹெலிகாப்டர் வரை இதே ஏற்பாடுதான். ஒரே தண்டில் இரண்டு விசிறிகளை எதிரெதிராகச் சுற்றவிட்டால் அந்தச் சிக்கலே எழுவதில்லை. கடற்படையின் காமோவ் ஹெலிகாப்டர்கள் அவ்வகை. பொம்மைகளில் அது மிகவும் நிதானமாக நிற்கும். குறை என்னவென்றால், அது தானாகவே நிற்பதால் உங்கள் விரல்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சேனல் என்பது ரிமோட் தனித்தனியாக அனுப்பும் கட்டளைகளின் எண்ணிக்கை. மூன்று சேனல் பொம்மையில் ஏறி இறங்கலாம், முன்னும் பின்னும் போகலாம், திரும்பலாம்; பக்கவாட்டில் நகர வழியே கிடையாது. அவற்றுள் பல அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதால் நம்மூர் வெயிலில் ரிமோட்டின் பேச்சையே கேட்பதில்லை.

ஆகவே நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் உள்ளது: ஒற்றை விசிறியும் வால் விசிறியும் கொண்ட, நான்கு சேனல் உடைய, பிளேடின் சாய்வு மாறாத, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஹெலிகாப்டர். டபிள்யூஎல் டாய்ஸ் நிறுவனத்தின் வி911எஸ் இவ்வகையில் பலரும் அறிந்தது. இதில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் விசிறியின் வேகம்தான் மாறுகிறது. கடைக்காரர் சொல்லும் ஆறு சேனலில் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பிளேடின் சாய்வு மாறுகிறது, தலைகீழாகவும் பறக்கலாம். அதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், விரல் ஒரு மயிரிழை தவறினாலும் அது உடனே கீழ்ப்படிந்துவிடும். புதியவருக்கு வேண்டியது சற்றே சோம்பலான இயந்திரம்.

இன்னொரு காரணம் எடை. சில பத்துக் கிராம்களே உள்ள ஹெலிகாப்டர் சுவரில் மோதி விழுந்தால் பெரும்பாலும் எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி பறக்கவிடலாம். நீங்கள் விழவைக்கப் போகிறீர்கள், நண்பரே, ஒரு நாளைக்குப் பத்து முறை. அதனால் ஒன்பதாயிரத்தையும் ஹெலிகாப்டரிலேயே கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைப் பிளேடுகளுக்கும், வால் மோட்டாருக்கும், நான்கு பேட்டரிகளுக்கும் ஒதுக்குங்கள். ஒரு பேட்டரி ஐந்தாறு நிமிடமே தாங்கும். பறந்து வந்த சூட்டோடு அதை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. இந்தப் பேட்டரியில் உள்ள லித்தியம் பாலிமர் செல் முழுமையாக நிறைந்தால் 4.2 வோல்ட்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போனால் அப்பளம் போல உப்பியிருக்கும். சார்ஜ் போடும்போது கட்டில் மேல் வைக்காமல் கடப்பைக் கல் மேல் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

பறக்கவிடும் இடம் என்றதும் பாலாற்று மணல் உங்கள் நினைவுக்கு வரும். வேண்டாம், மணல் பற்சக்கரங்களுக்குள் புகும், அதில் கலந்திருக்கும் இரும்புத் துகளை மோட்டாரின் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் இந்தச் சிறிய ஹெலிகாப்டரை வெளியே எடுக்கவே முடியாது. ஆனால் ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கும். தெரிந்தவர் மூலம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், மின்விசிறிகளை மட்டும் நிறுத்திவிடுங்கள். மற்ற மாதங்களில் காலை ஏழு மணிக்குள் புல்தரை. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. அதை இயக்க உரிமம் வேண்டியதில்லை. ஆயினும் எங்கே பறக்கவிடலாம் என்று நிறமிட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் பகுதியின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தின் பக்கம் இதை எடுத்துச் செல்லும் எண்ணமே வேண்டாம்.

முதலில் வாலை உங்கள் பக்கமாக வைத்து, ஓரிடத்தில் நிறுத்தப் பழகுங்கள். தரையை ஒட்டியே தயங்கிக்கொண்டிருந்தால் கீழே தள்ளிய காற்றே திரும்பி வந்து அலைக்கழிக்கும். முழங்கால் உயரத்தைத் தாண்டிவிட்டால் அமைதியாகும். பல வாரங்கள் கழித்தே மூக்கை உங்கள் பக்கம் திருப்புங்கள், ஏனெனில் அப்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். நன்றாகப் பழகியவர்களும் அங்கே தடுமாறுவார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, மோதப் போகிறது என்று தெரிந்த கணத்திலேயே த்ராட்டிலை, அதாவது விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை, முழுவதுமாக இறக்கிவிடுவது. காப்பாற்றும் ஆசையில் எல்லோரும் அதை ஏற்றுவார்கள். பிளேடு எதிலாவது சிக்கி நிற்க, மோட்டார் மட்டும் சுற்ற முயன்று எரிந்துபோவது அப்படித்தான். விழட்டும் என்று விடும் இந்த ஒரு பழக்கம் கைவர எனக்கு ஓராண்டு ஆயிற்று.

மகனைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. கணினியில் சிமுலேட்டர் ஒன்றில், அதாவது திரையில் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருளில், முதல் மாதம் இருவரும் பழகினால் பாதிப் பிளேடுகள் மிச்சமாகும். வாங்கும்போது ரிமோட் மோடு 2 தானா என்று பார்த்து, சிமுலேட்டரிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மோடு 2 என்றால் த்ராட்டில் இடக்கையில் இருக்கும். ஒரு கையில் பழகிவிட்டுப் பிறகு மறு கைக்கு மாறுவது, அவனைவிட உங்களுக்குத்தான் கடினம்.